சாயங்காலம்வரை செத்திருந்தவர்

நாளிதழ் அலுவலகத்தில் அந்த நிருபருக்கு ‘உறுதியார்’ என்று பெயர். மழை பெய்கிறதென்று மனைவி சொன்னாலும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார். அப்பேர்ப்பட்டவரைக் கைப்பேசிக் காலம் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. எங்காவது தீப்பிடித்தால், அவர் போய்ச் சேர்வதற்குள் தீ அணைந்து, வீடியோ ஊரைச் சுற்றி வந்து, யாரோ அதற்குப் பின்னணி இசையும் சேர்த்திருப்பார்கள். நேரில் பார்த்தவர்களோ, “எல்லாம் போட்டாச்சு சார், பார்த்துட்டு ஒரு லைக் போடுங்க” என்று அனுப்பிவிடுவார்கள். இன்னொரு முறை பிந்தினால் குறுக்கெழுத்துப் பக்கம்தான் என்று பத்திரிகை ஆசிரியர் தீர்ப்பே சொல்லியிருந்தார்.

அந்த வாரத்தில்தான் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் காலமானார். அதாவது, கைப்பேசியில் காலமானார். அழுமுகங்கள் குவிந்தன. எட்டு வரி இரங்கல் எழுதச் சொன்னார் ஆசிரியர். உறுதியார் வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்தது வாத்தியாரேதான்; கையில் பாதி பிஸ்கட்.

ஒரு மனிதர் உயிரோடிருப்பதில் இத்தனை ஆனந்தம் இருக்குமென்று உறுதியாருக்கு அன்றுதான் தெரிந்தது. முதன்முறையாக ஊருக்குத் தெரியாத செய்தி அவர் கையில். ஆசிரியரை அழைக்கப் போனார். வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாயங்காலம்வரைக்கும் நான் செத்தவனாவே இருந்துக்கறேனே, சார்.”

“எதுக்கு?”

“என் தம்பி எழுதியிருக்கான், ‘மன்னிச்சிடு அண்ணா, கிளம்பிட்டேன்’னு. அவன் பாடறப்போ ஒரு தடவை காதைப் பொத்தினேன். பத்து வருஷமாப் பேச்சு இல்ல. நான் நல்லா இருக்கேன்னு தெரிஞ்சா பாதி வழியிலயே வண்டியைத் திருப்பிடுவான்.”

“இவர் கோபமே படமாட்டாராம், எல்லாரும் எழுதறாங்க” என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி. “யார் வீட்டுல அப்படி இருந்தாராம்னு கொஞ்சம் விசாரிங்க சார்.”

அப்போது ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. “வழியில இருக்கேன்” என்று சோபாவில் உட்கார்ந்தபடி சொன்னார் உறுதியார். அவர் தொழில் வாழ்க்கையின் முதல் பொய் அது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மலர்வளையத்தோடு அழுதுகொண்டே வந்தார் தம்பி. வாசலில் அண்ணனைப் பார்த்ததும் அழுகை அப்படியே நின்றது.

“நீ சாகலயா?”

“இன்னும் இல்லடா.”

“பூக்கடைக்காரன் இதைத் திருப்பி எடுத்துக்க மாட்டானே.”

“உள்ள வா. சாப்பிட்டுட்டுத் திட்டு.”

தம்பி திட்டினார், சிரித்தார், அண்ணனைக் கட்டிக்கொண்டு கைப்பேசியில் நேரலையும் தொடங்கிவிட்டார். உறுதியார் ஆசிரியரின் எண்ணைத் தேடி எடுப்பதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. போச்சு, குறுக்கெழுத்துதான் என்று அவர் பிஸ்கட்டை எடுத்தார்.

ஆனால் பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: பின்னால் சோபாவில் பிஸ்கட் தின்பவர் யார்? “இத்தனை பேர் அழுதீங்களே, நேர்ல வந்து பார்த்தது இவர் மட்டும்தான்” என்றார் வாத்தியார்.

மறுநாளிலிருந்து ஊர் அழுவதற்கு முன் அவருக்குப் போன் செய்கிறது. ஆசிரியர் குறுக்கெழுத்தை நகர்த்தி, வதந்திகளை விசாரிக்க அவருக்குத் தினமும் கால் பக்கம் ஒதுக்கினார். போன மாதம் உறுதியாரே காலமாகிவிட்டதாக ஒரு பதிவு சுற்றியது. யாரோ அழைத்து, “சார், இது உண்மையா?” என்று கேட்டார்கள்.

“விசாரிச்சுட்டுச் சொல்றேன்” என்றார் அவர்.