சாவிக்கொத்து ராணி

எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட உட்காரும்போது நைனா, அதாவது என் அப்பா, ஒரு கதையை எடுப்பார். தன் தங்கச்சியை மாமியார் கொடுமையிலிருந்து தான் காப்பாற்றிய கதை. "காப்பு கட்டியாச்சு, என் தங்கச்சிய அனுப்ப மாட்டன்னு ஒரே வார்த்த சொன்னன். வந்த வேன் அப்டியே திரும்பிப் போச்சு" என்பார். போன மாதம் என் மகளின் காதுகுத்திலும் சொன்னார். வழக்கம்போல நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; இந்த நேரத்தில் இதை எழுதத்தான் வேண்டுமா என்று பலமுறை யோசித்துவிட்டேன். சரியோ தப்போ, நடந்தது அது இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. செஞ்சியில் கோட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. தாத்தாவும் ஆயாவும் காலமாகிவிட்டதால் நைனா வைத்ததுதான் அங்கே சட்டம். அந்தச் சித்திரையில், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அத்தை, நைனாவின் ஒரே தங்கை, புகுந்த வீட்டிலிருந்து ஒரு பையோடு தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நைனாவிடம் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் சொன்ன பதில் மட்டும் அன்றைக்கே காதில் விழுந்தது: "எல்லா வீட்லயும் இருக்குறதுதான். அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போ."

பள்ளிக்கூடம் லீவு. ஒரு நாள் அத்தை என்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பழைய நெற்களஞ்சியத்துக்குள் ஓடி நின்று நான் கூவினேன். சுவரெல்லாம் திரும்பக் கூவியது. அத்தை உள்ளே வரவே இல்லை. வாசலில் வெயிலில் நின்றபடி, "இதுக்குள்ள ஒரு பொண்ணப் பூட்டி வச்சிருந்தாங்க, தெரியுமா?" என்றாள்.

அப்படித்தான் அந்தக் கதை தொடங்கியது. தினமும் கொஞ்சம் சொல்வாள். நான் என் கோடு போடாத நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதை வரைந்து, கீழே ஓரிரு வரி எழுதியும் வைப்பேன். கூரை வரைக்கும் நெல் குவிந்த களஞ்சியம். அந்த நெல்லைப் புடைத்துக் காயவைக்க வேண்டியவள் புது மருமகள். ஆனால் அவளுக்கு ஒரு பிடி சோறு கிடையாது. பசிக்கிறது என்று கேட்டால் களஞ்சியத்துக்குள் தள்ளிப் பூட்டிவிடுவாள் பெரிய ராணி. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் சாவிக்கொத்து. "நெல்லத் தின்ன முடியாதா அத்த?" என்று கேட்டேன். "பச்ச நெல்லு தொண்டையக் கிழிக்கும்டி" என்றாள். எவ்வளவு நுணுக்கமாகக் கற்பனை செய்கிறாள் என்று எனக்கு ஒரே வியப்பு.

அந்த வாரம் எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டும் நாள் வந்தது. காப்பு கட்டிவிட்டால் பத்தாம் நாள் மஞ்சள் நீர் ஊற்றி விழா முடியும் வரைக்கும் ஊருக்குள் தங்கியிருப்பவர்கள் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. மீறினால் அம்மனுக்குக் கோபம் வரும், வீட்டில் யாருக்காவது அம்மை போடும் என்று பயம். ஆகவே அதற்கு முன்பே அத்தையை அனுப்பிவிட நைனா அவசரப்பட்டார். அவள் புகுந்த வீட்டுக்கு ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். காப்பு கட்டும் அன்று மதியமே அவள் மாமியாரும் அவள் புருஷனான என் மாமாவும் வேன் பேசிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சாப்பாடு ஆனது. அத்தையின் பை கூடத்தில் தயாராக இருந்தது. மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் மாமியார் பல் குத்தியபடி என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நோட்ல இன்னா வரைஞ்சிருக்கற? எடுத்தா பாக்கலாம்."

விருந்தாளி கேட்டால் காட்ட வேண்டும் என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள். காட்டினேன். கதையோடு காட்டினேன். முதல் நாலைந்து பக்கத்துக்கு அந்த அம்மாள் "அட, அட" என்றார். பிறகு பெரிய ராணி வந்தாள்.

"பாருங்க பாட்டி, இந்த ராணி இடுப்புலகூட உங்கள மாரியே சாவிக்கொத்து. மூக்குத்தியும் அதே மாரி."

அம்மா சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் சத்தத்தைக் குறைத்தார்.

"நல்லாருக்குது, போதும். கெளம்பலாம்" என்றார் அந்த அம்மாள்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்றாள் அத்தை. சுவரோரம் நின்றிருந்தாள். "சொல்லுடி. நெல்லுக்குள்ள எத்தினி நாளு இருந்தா?"

"மூணு நாளு" என்றேன். "தண்ணிகூட ஜன்னல் வழியாத்தான் குடுத்தாங்க."

நைனா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "பெரியவங்க இருக்கற எடத்துல இன்னாடி கத?"

இன்றைக்கு என் மகள் பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட்டால் நானும் கண்ணை உருட்டி அடக்கத்தான் செய்கிறேன். செய்துவிட்டு, அது வளர்ப்பா பயமா என்று குழம்புகிறேன். எட்டு வயதில் அந்தக் குழப்பமெல்லாம் எனக்கில்லை. என் படத்தை மதிக்கவில்லை என்ற ஆத்திரம்தான். அழுதுகொண்டே, இன்னும் சத்தமாக அடுத்த பக்கத்தைப் படித்தேன். மருமகளின் புருஷனான ராஜா எல்லாம் தெரிந்தும் தெரியாதவன்போல வெளியே உட்கார்ந்திருந்த பக்கம் அது.

"இதெல்லாம் நீ சொல்லிக்குடுத்ததுதான?" என்று அந்த அம்மாள் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"ஆமா" என்றாள் அத்தை. "எங்கண்ணங்கிட்ட சொன்னன், காதுல ஏறல. கொழந்தகிட்ட சொன்னன். அது ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்குது. ஏன், எதாவது பொய்யா? உங்க புள்ளயக் கேளுங்க."

மாமா எழுந்து வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் கூடத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்று சொல்ல முடியாது. அரைமணி நேரம் கத்தினார்கள். அத்தை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. நைனா நடுவில் புகுந்து, "பேசனது போதும், மொதல்ல வேன்ல ஏறு" என்று அவள் பையைத் தூக்கி வாசலில் வைத்தார். ஆம், அவர்தான் வைத்தார். அந்தக் கணத்தில் கோயிலில் பம்பை மேளம் அடித்தது. காப்பு கட்டியாகிவிட்டது.

நைனா கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையை அவரே திரும்ப உள்ளே எடுத்துவந்தார். "காப்பு கட்டியாச்சு. இப்ப அனுப்ப முடியாது" என்றார். விசேஷங்களில் சொல்லும் அந்த ஒரே வார்த்தை இதுதான். ஒட்டிய கன்னத்தைப் பார்த்து இரங்காதவர், ஒரு மஞ்சள் கயிற்றுக்குப் பயந்தார். அதற்குப் பெயர் காப்பாற்றியதாம்!

அந்தப் பத்து நாளில் அத்தை பிளஸ் டூ சான்றிதழை எடுத்துக்கொண்டு கடைத்தெருவெல்லாம் அலைந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மஞ்சள் நீருக்கு மறுநாள் வேன் திரும்ப வந்தபோது அவள் வீட்டிலேயே இல்லை. பிறகு எப்போதும் அங்கே போகவில்லை.

இதெல்லாம் இன்று தெரிகிறது. அன்று எனக்கிருந்த கவலை வேறு. சண்டையில் யாரும் என் கதையின் முடிவைக் கேட்கவில்லை. அது அத்தை சொல்லாதது, நானே யோசித்து எல்லா கலரும் போட்டு வரைந்தது. காப்பு கட்டிய மூன்றாம் நாள் அத்தையை உட்காரவைத்துக் காட்டினேன். ராணி மனம் திருந்திக் கதவைத் திறக்கிறாள். மருமகள் முகம் கழுவிப் பொட்டு வைத்து, அரண்மனையில் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே சோறு பரிமாறுகிறாள்.

அத்தை நோட்டைக் கையில் வாங்கினாள். பிறகு அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஓரம் பிசிறாமல் கிழித்து, மடித்து, அடுப்பில் போட்டாள்.

நைனா அடித்தது எனக்கு அரைநாளில் மறந்துவிட்டது. இதை மறக்க முடியவில்லை. திருவிழா முடியும் வரை நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாமி பார்த்தேன். அத்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லை.