தெருவில் தூங்கினால் வரி

தட், தட். மினிபஸ் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, பிறகு "றைட்!" என்றொரு கூவல். யாழ்ப்பாணத்தில் நான் கல்லூரிக்குப் போன காலத்துச் சத்தம். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. எத்தனையோ சந்தங்கள் படித்திருக்கிறேன். இத்தனை சுருக்கமானதை எங்கும் காணவில்லை.

மொன்றியலில், ஓய்வூதியம் எடுக்கும் வயதில், எனக்குக் கிடைத்த வேலையும் தகரத்தில் தட்டுவதுதான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் சுமந்து வரும் மோட்டார் ஹோம்கள், முகாம் தளத்துக்குப் போகாமல் தெருவோரம் இரவைக் கழித்தால் அதற்கு ஒரு வரி உண்டு. கோடைக் காலைகளில் பியர்ஃபோன் புறநகர்த் தெருக்களில் நடந்து அதை அறவிடுவது நான். என் கதவைத் தட்ட ஆளில்லாமல் போன பிறகு பிறர் கதவைத் தட்டக் கிளம்பினேன் என்று வையுங்கள். நித்திரைப் பாயிலிருப்பவரிடம் காசு கேட்கும் தொழில் செய்தவர்களே, என் பாடு உங்களுக்காவது விளங்கும்.

குறட்டை

முதல் வாரம். ஆற்றோரம் நின்ற வெள்ளை வண்டியைத் தட்டினேன். கடலோர ஊரொன்றிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணி, தலை முழுக்கச் சுருட்டிகளோடு எட்டிப் பார்த்தார். "பொன்ஜூர், இரவு இங்கே தூங்கியதற்கான வரி" என்றேன். உள்ளே அவருடைய கணவர் இழுத்து விட்ட மூச்சில் ஜன்னல் திரை அசைந்துகொண்டிருந்தது.

பெண்மணி என்னை உள்ளே வரச் சொல்லி, கோப்பியும் தந்து, கணவரைக் காட்டினார். "நன்றாகக் கேளுங்கள் மதாம். இதற்குப் பக்கத்தில் படுத்தவள் தூங்கியிருப்பாளா? வரியை அவரிடம் வாங்குங்கள், எனக்கு நட்டஈடு தாருங்கள்!"

றைட்

மரங்கள் அடர்ந்த ஒரு குடியிருப்புத் தெரு. ஒரு வீட்டின் முன்னால் ஒன்ராறியோ இலக்கத்தகட்டோடு பழைய மோட்டார் ஹோம் ஒன்று. தட், தட். உள்ளேயிருந்து, தூக்கக் கலக்கத்தில், ஒரு குரல்: "றைட்! போகலாம்!"

பஸ் கிளம்பப் போவதுபோல் நான் என்னையறியாமல் ஓரடி விலகி நின்றேன். கதவைத் திறந்தவர் சாரத்தை இறுக்கிக் கட்டியபடி வெட்கமாகச் சிரித்தார். பெயர் சூசை. மனைவியை இழந்தவர். ரொறொன்ரோவிலிருந்து, தம்பி மகளின் கலியாணத்துக்கு வந்திருக்கிறார். ஊரில் மினிபஸ் ஓட்டினாராம். தம்பி வீடு எங்கே என்று கேட்டேன். கண்முன்னே நின்ற வீட்டைக் காட்டினார். பிறகு ஏன் தெருவில் படுக்கை?

"தம்பி இந்தப் புது வீட்டுக் குடிபூரலுக்கு எனக்கு வாட்ஸப்பில அழைப்பு அனுப்பினவன், தங்கச்சி. வாயால ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அந்த வீட்டுப் படி மிதியன் எண்டு அண்டைக்கே சொல்லிப்போட்டன். அவன்ர பெட்டை கேட்டதால கலியாணத்துக்கு வந்தனான். ரெண்டுக்கும் பொதுவா இந்த வண்டி!"

விருந்தாளி இல்லை

அடுத்த காலை, நான் வருவேனென்று தம்பி அந்தோனி வாசலில் காத்து நின்றார். வீட்டு வளவுக்குள் நிற்கும் விருந்தாளி வண்டிக்கு வரி கிடையாது. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, அவர் என்ர அண்ணை. வண்டியை வளவுக்குள்ள விடச் சொல்லுங்கோ."

அண்ணை இரண்டு அடி தள்ளித்தான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவரிட்டச் சொல்லுங்கோ தங்கச்சி, நான் சுற்றுலாப் பயணி. பில்லைத் தாங்கோ."

"அக்கா, சனம் சிரிக்குது. கூடப்பிறந்தவனைத் தெருவில படுக்க விட்டிருக்கிறன் எண்டு."

"நல்லாச் சிரிக்கட்டும் எண்டு சொல்லுங்கோ."

இரண்டு பேருக்கும் நடுவில் நான், மஞ்சள் மேலங்கியும் கையில் வரி இயந்திரமுமாக. கடைசியில் அந்தோனியின் குரல் தணிந்தது. "மகள் சொல்லிப்போட்டாள் அக்கா. பெரியப்பா வீட்டுக்குள்ள வந்து நெத்தியில சிலுவை போட்டாத்தான் கோயிலுக்கு வெளிக்கிடுவாளாம்."

சூசை அண்ணை வாய் கொப்பளித்துத் துப்பினார். "அப்ப கோயில் வாசல்ல போடுறன். பில்!"

பின்னால் போகாத வண்டி

அதே தெருமுனையில், கோட்-டெ-நெய்ஜ் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோமோடு மாட்டிக்கொண்டார்கள். சென்னைப் பிள்ளைகள். ஊர் சுற்றக் கிளம்பி, மொன்றியல் தீவையே தாண்டவில்லை. "ஆன்ட்டி, தங்கணும்னு தங்கல. யாருக்கும் ரிவர்ஸ் எடுக்க வரல!"

சூசை அண்ணை சாரத்தோடு ஏறி உட்கார்ந்தார். பின்னால் நின்று தட்டியது நான். ஒரு தட்டு, நின்றது. இரண்டு தட்டு, நகர்ந்தது. நாற்பது வயது குறைந்தது போலிருந்தது எங்கள் இருவருக்கும். பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணன் தம்பி வாக்குவாதத்தைத் தெருமுனையிலிருந்து கவனித்திருந்த ஒருத்தி அவரிடம் கேட்டாள்: "அங்கிள், அவ்ளோ பெரிய வண்டியையே பின்னால எடுத்துட்டீங்க, உங்க சண்டையை எடுக்க முடியாதா?"

எப்பவாம்?

கலியாணக் காலை. ஒரே தெருவில் தொடர்ந்து நிற்க அனுமதித்த நாள்கள் அன்றோடு முடிந்தன. அதைச் சொல்வது என் வேலை, சொன்னேன். "பிரச்சினையில்லை. கோயிலால அப்பிடியே ரொறொன்ரோ போறன்" என்றார் சூசை அண்ணை, கதவைச் சாத்திக்கொண்டு. எதிரே ஜன்னலில் மணப்பெண், வெள்ளைச் சேலையோடு, உட்காராமல் நின்றாள். கார் வந்து காத்திருந்தது.

அப்போது அந்தோனி பட்டு வேட்டியோடு வெளியே வந்தார். ஒரு கையில் தட்டம். வெற்றிலை, பழம், சந்தனம். மற்றக் கையால் தகரத்தில் இரண்டு தட்டினார்.

"அண்ணை, புது வீடு குடிபூருறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

குடிபூர்ந்து, கூரை ஓடும் ஒருதரம் மாற்றியாகிவிட்ட வீடு அது. வண்டி ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"எப்பவாம்?"

"இப்ப, அண்ணை."

இயந்திரம் உறுமியது. வண்டி மெல்லத் திரும்பி வளவுக்குள் ஏறும்போது ஜன்னலுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது: "றைட்!"

ஒருநாளும் முகம் சுளிக்காமல் வரி கட்டிய ஒரே பயணியை நான் இழந்தது அப்படித்தான்: சூசை அண்ணை மோட்டார் ஹோமை விற்றுவிட்டு, இப்போது தம்பி வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார்.