வெற்றிலை போடாமலே சிவந்த வாய்

இன்று காலை கிணற்றடியில் பல் விளக்கித் துப்பினேன். சிவப்பு!

"உன் வாய் என்றைக்கையா வெளுத்திருந்தது?" என்பீர்கள். நியாயம்தான். இருபது வருஷமாக வெற்றிலைதான் எனக்கு ஆகாரம். (சோறு இடைப் பலகாரம்.)

ஆனால் இது சஷ்டி விரதம். நான்கு நாளாக வெற்றிலையைத் தொடவில்லை! பெட்டி மனைவியிடம் இருக்கிறது. (அவளுக்கு விரதமில்லை. மென்றுகொண்டே என்னைக் காவல் காக்கிறாள்.)

முதல் நாள், பழைய கறை என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாளுமா கறை?

ரத்தம் துப்புகிறவனுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான். க்ஷயம்!

தல்லாகுளம் ஆபீசில் பக்கத்து நாற்காலி சுந்தரத்திடம் ஜாடையாகக் கேட்டேன்.

"ஏப்பா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வாயில ரத்தம் வருதாம்..."

"இருமுறாராண்ணே?"

"இல்லப்பா." (சொன்னதுமே இருமல் வந்தது!)

"அப்ப உள்ளுக்குள்ள இருக்கும். எங்க சமயநல்லூர்ச் சித்தப்பா தையில துப்புனாரு, பங்குனியில முடிஞ்சுபோச்சு. வீட்ல சின்னப் புள்ளைக இருந்தா கிட்டச் சேக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே."

மதியம் வீட்டுக்கு வந்து விரதச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். நான்கு வயசுக் கடைக்குட்டி வழக்கம்போல மடியில் ஏறி என் இலையில் கை வைத்தாள்.

தள்ளிவிட்டேன். விழுந்து அழுதாள்.

"புள்ளைய என்னத்துக்குத் தள்ளுறீக? விரதம் இருந்தா இம்புட்டுக் கோவமா வரும்?" என்றாள் மனைவி.

வாயைத் திறக்கப் பயந்து எழுந்துவிட்டேன். டாக்டரைப் பார்க்க வைகைப் பாலத்தில் நடக்கும்போது ஒரே நினைப்பு. இனி கடைக்குட்டிக்கு யார் இலையில் பங்கு?

டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தார். முதுகில் வைத்தார். பிறகு விரலால் ஈறை அமுக்கினார். உயிர் போய் வந்தது!

"நெஞ்சு சுத்தமா இருக்குய்யா. ஈறுலதான் சீழ். பயோரியா. எம்புட்டு நாளா ரத்தம் வருது?"

"நாலு நாளா சார்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி வெத்தல போட்டேன் சார். என்ன துப்புனாலும் சிவப்பாத்தான் இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப எத்தன வருஷமா வருதோ, யாரு கண்டா! கீழ்ப்பல்லு மூணு ஆடுது. நாளைக்கு வாங்க, எடுத்தே ஆகணும்."

"தாராளமா எடுங்க சார்! ஆறாக்கூட எடுத்துக்கங்க!" என்றேன். (பல் பிடுங்கச் சொன்னதற்குக் கைகூப்பிய முதல் ஆள் நானாம்.)

வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்தாள். கிணற்றடிக்குப் போய் வாயை ஒரு தடவை கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். வெற்றிலை வாசனையே போகும்வரை கொப்பளித்தாள். பிறகு கல்லின் மேல் துப்பினாள்.

இருவரும் குனிந்து பார்த்தோம்.

"என்னங்க... நாளைக்கு நானும் வாரேன்" என்றாள்.

நண்பர்களே, நீங்கள் வெற்றிலை போடாமல் கடைசியாகத் துப்பியது என்றைக்கு?