கந்தசஷ்டியும் சிறுத்தைப் பல்லிகளும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில் பலெர்மோவில் நான் துப்புரவு வேலை செய்த ஆறு வீட்டுத் திறப்புகள், சாவிக் கொத்தாக என் இடுப்பில் தொங்கின. யாரையும் லேசில் நம்பாத இத்தாலிய எசமானிகள், சிஞ்ஞோராக்கள், தந்த திறப்புகள் அவை. அவர்களில் ஒருத்தியின் மகன் மிலானுக்குப் படிக்கப் போனபோது, அவன் வளர்த்த சோடிப் பல்லிகளையும் என்னிடம்தான் ஒப்படைத்தாள். பல்லிகளோடு வளர்ந்தவன் என்று நான் சொல்லியிருந்தேன். அதில் பொய் இல்லை.

இவை வேறு சாதி. சிறுத்தைப் பல்லி என்று பெயர். மஞ்சள் தோலில் கரும்புள்ளி, ஒரு சாண் நீளம். சுவரில் ஏறத் தெரியாது. எங்கள் ஒரேத்தோத் தெரு வீட்டுச் சமையல் குசினியில் கண்ணாடிப் பெட்டியை வைத்து, மேலே சூட்டு விளக்கைக் கொழுவினேன். மனைவி குனிந்து பார்த்தாள்.

“இது எப்ப சொல்லும்?”

“இது சொல்லாது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்.”

“அப்ப உங்களுக்கு நல்ல துணைதான்.”

இந்தப் பல்லிக்குச் சேமிப்பெல்லாம் வாலில்தான், வால் மெலிந்தால் கவனி என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தாள். உயிருள்ள சில்வண்டைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆணின் வால் என் பெருவிரல் தடிப்பு. பெண்ணின் வாலோ பென்சில் போல இருந்தது. இடம் மாறிய பயத்தில் அது ஒரு கிழமையாக ஒன்றையும் தொடவில்லை. எட்டாம் நாள் எழுந்து வந்து என் விரலை நக்கியது. பசி வந்துவிட்டது. அன்றைக்குத்தான் கந்தசஷ்டி தொடங்கியது.

ஆறு நாளும் மனைவிக்கு விரதம். மீன், இறைச்சி காய்ச்சும் மச்சச் சட்டிகள் எல்லாம் பல்கனிக்குப் போய்விட்டன. நான் சில்வண்டு டப்பாவைத் திறக்கப் போகக் கையைப் பிடித்தாள்.

“விரத வீட்டிலை உயிர்க்கொலையோ?”

“நான் கொல்லேல்லை. அது தின்னுது.”

“பிடிச்சுக் குடுக்கிறது ஆர்?”

டப்பாவை மூடி வைத்தேன்.

அவள் அவித்த பருப்பும் வாழைப்பழமும் வைத்தாள். பல்லிகள் அவற்றை மிதித்துக்கொண்டு நடந்தன. அடுத்த நாள் பயற்றங்கஞ்சி. ஆண் பல்லி அதற்குள் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் பெண் பல்லி விளக்கடியை விட்டு அசையவில்லை. தூக்கினால் கடதாசியைத் தூக்கினது போலிருந்தது. இன்னும் மூன்று நாள் தாங்காது என்று எனக்கு விளங்கியது. பாலும் பழமுமாகக் கிடந்த மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“விரதம் எங்கடை வீட்டுக்குத்தானே, கட்டடத்துக்கு இல்லையே?” என்றேன். படித்தவன் ஒருவனுக்கு இந்த யோசனை வந்திராது.

மேல்மாடியில் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். பெட்டியையும் சில்வண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரி திறந்தாள்.

“என்ன அண்ணை, பெட்டியோடை?”

“ரெண்டு பல்லி. உங்கடை வீட்டிலை சாப்பிட வந்திருக்கு.”

“எங்கடை வீட்டிலை எண்டால் பாவமில்லையோ?”

“நீங்கள் மீன் பொரிக்கிறியள்.”

“அதுவும் சரிதான்,” என்று வழிவிட்டாள்.

ஆண் பல்லி கண்மூடித் திறப்பதற்குள் மூன்று சில்வண்டை விழுங்கியது. பெண் எழும்பவே இல்லை. ஒரு சில்வண்டு அதன் தலைமேல் ஏறிப் போனது. நான் வேறொன்றின் காலைப் பிடித்து மூக்கடியில் காட்டினேன். வாய் திறக்கவில்லை.

வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மனைவி. படியைத் தாண்டாமல் வெளியே நின்றாள்.

“தின்னுதோ?”

“இல்லை.”

“நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டால் அது எப்பிடித் துள்ளும்? துள்ளாததை எப்பிடித் தின்னும்? விடுங்கோ.”

விட்டேன். சில்வண்டு துள்ளியது. பெண் பல்லியின் வால் நுனி மெல்ல நடுங்கியது. தலை ஒருமுறை முன்னே வந்தது. சில்வண்டைக் காணவில்லை.

“இன்னொண்டு போடுங்கோ,” என்றாள் விரதகாரி.

நான்கு போட்டேன். நான்கும் போயின. அவள் கீழே இறங்கிப் போய்த் தலைக்கு முழுகிவிட்டு விளக்கேற்றினாள்.

மிச்ச நாட்களில் நான் வேலையால் வந்ததும் அவளே பெட்டியை வாசலில் எடுத்து வைத்திருந்தாள். மேல்வீட்டுப் படிவரை வந்து நின்று, எத்தனை சில்வண்டு போடவேண்டும் என்று எண்ணிக்கை சொன்னாள். ஆறாம் நாள் பெட்டியைக் கீழே கொண்டுவந்தபோது முதன்முதலாகக் கையை உள்ளே விட்டு, பெண் பல்லியின் வாலை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

“கொஞ்சம் சதை ஊறியிருக்கு,” என்றாள். பிறகு மறுபடியும் முழுகப் போனாள்.