மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு வேன்

எங்கள் விளக்கண்ணனுக்குத் தெருவிளக்கு மாற்றும் வேலை. அவரை ஏற்றிக்கொண்டு போகும் ஏணி வண்டிக்கு நான் டிரைவர். எதிரில் நிற்கும்போது விளக்கண்ணன் என்போம். கம்பத்து உச்சிக்குப் போய்விட்டால் விளக்கெண்ணெய் என்போம். மனிதர் அவ்வளவு நிதானம். ஒரு பல்பைக் கழற்றுவதற்கு முன் நலம் விசாரிக்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கீழே எனக்குத் தூக்கமே வந்துவிடும்.

பழைய சோடியம் விளக்குகள் அவருக்கு உறவுக்காரர்கள் மாதிரி. சாயங்காலம் சுவிட்ச் போட்டதும் அவை எழுந்து உட்காராது. முதலில் மங்கலாக, வெளிறிய சிவப்பில் கண் விழித்து, சில நிமிடம் சோம்பல் முறித்து, அப்புறம்தான் மஞ்சளுக்கு வரும். வயதாகிவிட்டால் தானாக அணைந்து தானாக எரியும். அதற்கு விக்கல் என்று பெயர் வைத்திருந்தார். விக்கல் வந்த விளக்கு இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எல்.இ.டி. வந்ததும் குழம்பிப் போனார். போட்டதும் பளிச்சென்று எரிந்தது. விக்கல் கிடையாது, சோம்பல் கிடையாது, பேச்சுவார்த்தையே கிடையாது. கரண்டு செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று இன்ஜினியர் பெருமையடித்துக்கொண்டார். பழைய விளக்கு மாடி ஜன்னல், மரக்கிளை, வானம் என்று எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை வாரி இறைத்தது. புதியது ரோட்டில் பாய் விரித்த மாதிரி விழுந்து, அதோடு நின்றுகொண்டது. ஒரு வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்று புகார் கொடுத்தார். அதே கம்பத்துக்குப் பக்கத்து வீட்டம்மா வாசல் இருட்டாகிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். விளக்கண்ணன் இரண்டு வாசலிலும் மாறி மாறி நின்று பார்த்தார். இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு வண்டியில் ஏறி, இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டார். இந்த வெளிச்சத்தில் நம் இன்ஜினியருடைய தலைச்சாயம் எவ்வளவு மட்டம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அந்த அளவுக்கு நல்லதுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த விபத்து. டீக்கடை முக்கில் அப்போது இன்னும் பழைய விளக்குதான் இருந்தது. இருட்டிய நேரம், தூறல் வேறு. வேலை முடிந்து விளக்கண்ணன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். கடிகாரக் கடைக்காரர் ரோட்டைக் கடந்தபோது ஒரு வேன் அவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்தது. அவருக்குக் கால் முறிந்துபோயிற்று. கடையில் இருந்த மற்றவர்கள் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்கள். வேனைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

என்ன நிறம் என்று போலீஸ்காரர் கேட்டார். கறுப்பு என்றார். யாருடைய வேன் என்று தெரியுமா என்று கேட்டார்.

"இந்தப் பக்கம் கறுப்பு வேன் ஒண்ணுதாங்க இருக்கு. என் தங்கச்சி வீட்டுக்காரர் ஓட்டுறது."

மரச்சாமான் கடை வேன் அது. மச்சான் அன்றைக்கு ஊர்க்கோடியில் ஒரு பீரோவை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறார். அந்த முக்குப் பக்கமே வரவில்லை என்று அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. வேன் போலீஸ் நிலையத்துக்குப் போயிற்று. வழக்கு முடிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தங்கை வந்து, நீயே பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றார். வந்த காலோடு திரும்பிப் போனவள் அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

சொந்தமென்றும் பாராமல் உண்மையைச் சொன்ன மனிதர் என்று எங்கள் ஆபீஸே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நானும்தான் ஆடினேன். அவருக்கோ சோறு இறங்கவில்லை. பார்த்ததைத்தானே சொன்னேன் என்று, யாரும் கேட்காமலே, வண்டியில் பத்துத் தடவையாவது சொல்வார். அப்புறம் மச்சானைப் பற்றி ஆரம்பிப்பார். வண்டியை அவன் ஒழுங்காக ஓட்டமாட்டான், பேச்சுக்கொடுத்தால் ரோட்டைப் பார்க்கமாட்டான், கல்யாணத்தின்போதே எனக்குப் பிடிக்கவில்லை என்பார். நான் கியரை மாற்றுவேன்.

பிறகு அந்த முக்குக்கும் எல்.இ.டி. வந்தது. பழைய விளக்கை அவர்தான் இறக்கினார். சாயங்காலம் சரியாக எரிகிறதா என்று பார்க்க இரண்டு பேரும் டீக்கடையில் நின்றோம். சலவைக் கடை வேன் எப்போதும்போல அந்த முக்கில் திரும்பிப் போனது. விளக்கண்ணன் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றார்.

அது என்ன நிறம் என்று கேட்டார். கருநீலம், ஊருக்கே தெரியுமே என்றேன். எப்போதுமே நீலமா என்று கேட்டார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"இத்தனை வருஷமா இந்நேரத்துக்கு இங்கதான்டா டீ குடிக்கிறேன். ஒரு நீல வண்டியைக்கூட நான் பாத்ததே இல்ல."

மறுநாள் சாயங்காலம் எங்கள் ஆபீஸ் ஸ்டோர் முற்றத்தில், ஏலத்துக்குக் கிடந்த குவியலிலிருந்து அதே விளக்கை எடுத்து, சோக்கோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார். எங்கள் யூனிஃபார்ம் சட்டை கருநீலம். கதவுப் பக்க டியூப்லைட்டில் என்னை நிறுத்திப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் வா என்றார். மஞ்சள் ஏற ஏறச் சட்டையிலிருந்து நீலம் வடிந்துபோனது. நான் குனிந்து பார்த்தேன். துக்க வீட்டுக்குக் கிளம்பிய மாதிரி கறுப்பாக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் கறுப்புக் குடையைப் பிடிக்கச் சொன்னார். எது குடை, எது சட்டை என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"அப்ப அது சலவைக் கடை வேனாண்ணே?"

"தெரியலடா. இதுவும் கறுப்பாத்தான் தெரியும், அதுவும் கறுப்பாத்தான் தெரியும்."

போலீஸ் நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி முதலில் எரிந்து விழுந்தார். அப்புறம் ஸ்டோருக்கு ஆள் அனுப்பி அந்த விளக்கைப் பார்த்துவிட்டு, மச்சானின் வேனை விட்டுவிட்டார். முதலாளியும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். சலவைக் கடை வேனையும் விசாரித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கடிகாரக் கடைக்காரரை இடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

விளக்கண்ணன் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ரத்தம் ஓடியது. வண்டியை நேரே தங்கை வீட்டுக்கு விடு என்றார். அவள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னார். சோடியம், நீலம், சட்டை, குடை. குற்றம் விளக்குமீதுதான், புது விளக்கு அன்றைக்கே இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்றார். அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் தங்கைக்குள் சமாதானமாகிவிடும் என்று நினைத்தேன்.

தங்கை கடைசிச் சட்டையையும் மடித்து வைத்தாள்.

"வேன் கறுப்புன்னு லைட்டு காட்டுச்சு. சரி. ஓட்டுனவர் மூஞ்சியைப் பாத்தியாண்ணே?"

"இல்லம்மா. பின்பக்கம்தான் பாத்தேன்."

"அப்ப இவர் பேரையும் லைட்டா சொல்லுச்சு?"

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊர் விளக்கையெல்லாம் பார்த்த மனிதர் அந்த ஒரு கேள்விக்கு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "யாரு, மச்சானா? உள்ள வரச் சொல்லு."

தங்கை துணிகளை எடுத்துக்கொண்டு வழி விட்டு நின்றாள். கதவு நன்றாகத் திறந்துதான் இருந்தது. விளக்கண்ணனுக்குத்தான் உள்ளே போகக் கால் வரவில்லை.