பக்கத்து சீட்டு பிரேக்

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் எழுதக் கற்றதே எனக்குப் பெரிய சந்தோஷம். பேத்தி இதைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறாள்.

இன்று பழைய காரின் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டேன்.

மெக்கானிக் கேட்டார்: "ஏனுங்க, கால் வெக்கற எடத்துல போட்ட பனியன் துணி இடது பக்கம் மட்டும் ஓட்டையா இருக்குதே?"

"ஊட்டுக்காரி உக்கார்ற எடமுங்க. நான் பிரேக் புடிக்கறக்கு முன்னால அவ மிதிச்சுருவா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிரேக்கை மாற்றச் சொன்னவள் அவள்தான். "ஆடி முடியட்டுங்க" என்று தள்ளி வைத்தவளும் அவள்தான். அந்த ஆடியிலேயே போய்விட்டாள்.

இப்போது தொட்டாலே வண்டி நிற்கிறது. அந்தத் துணியை மட்டும் மாற்ற வேண்டாம் என்றேன்.

உங்கள் வண்டியில் பக்கத்து சீட்டில் பிரேக் பிடிப்பவர் யார்? எழுதுங்கள், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன்.