பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தின்ற கேசரி

திருத்தணியில் கண் டாக்டர் என்னிடம், "சக்கரையால கண்ணுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. இனிப்பைத் தொடாதீங்க" என்றார்.

அடுத்த வாரமே மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மனைவி என் தட்டிலும் கேசரியை வைத்து, "பேசாம துன்னுங்க. வியாதி தெரிஞ்சா எழுந்து போயிடுவாங்க" என்று காதோரம் சொன்னாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான், சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் வச்சிக்கங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா அள்ளி வைத்தார்.

காபி கொண்டுவந்த மகள் என் தட்டைப் பிடுங்கினாள். "நைனா, உனக்குக் கண்ணு வேணாமா?"

"ஆங்? சக்கரையா? பொண்ணுக்கும் வருமே!" என்றார் அந்த அம்மா.

சம்பந்தம் அதோடு முடிந்தது. வேறு வரனும் இன்னும் அமையவில்லை.

மாத்திரையும் கட்டுப்பாடுமாக என் பார்வை இதுவரை குறையவில்லை. அதைக் காப்பாற்றிய மகளின் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது.